பாமினியிலிருந்து யூனிகோடுக்கு: பைத்தானில் எந்தப் பதிலீட்டு முறை வேகமானது?

ஒரு சரத்தில், அதாவது எழுத்துகளின் தொடரில், உள்ள ஒரு துண்டை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பதற்குப் பைத்தான் நிரல்மொழியில் வழிகள் பல உண்டு. அவற்றுள் எது வேகமானது என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை சொல்ல முடியாது. எதை எதுவாக மாற்றுவது என்று சொல்லும் விதிகள் எத்தனை, அவை ஒன்றையொன்று தொடுகின்றனவா, மாற்ற வேண்டிய எழுத்துகள் உரையில் எவ்வளவு நெருக்கமாக வருகின்றன என்பவற்றைப் பொறுத்து வரிசை தலைகீழாக மாறும். ஆகவே இந்த ஒப்பீட்டை அந்தரத்தில் செய்யாமல், தமிழ்க் கணிமையில் அடிக்கடி எதிர்ப்படும் ஒரு வேலையின் மேல் வைத்துச் செய்வது பயனுள்ளது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து சேர்த்து வைத்த பழைய உரைகளை யூனிகோடுக்கு மாற்றுவதே அந்த வேலை.

பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில விசைகளின் குறியீட்டு எண்களிலேயே உட்கார்ந்திருக்கும். ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ என்னும் சிறிய எழுத்துகளையும் அவற்றை அடுத்து ஓர் அரைப்புள்ளியையும் தட்டினால் திரையில் ‘தமிழ்’ என்று தெரியும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். அத்துடன், பழைய தட்டச்சுப் பொறியின் முறைப்படி கொம்புகள் மெய்யெழுத்துக்கு முன்னால் சேமிக்கப்பட்டிருக்கும். யூனிகோடிலோ மெய்யெழுத்து முதலிலும் உயிர்க்குறி பின்னாலும் வர வேண்டும். எனவே வேலை இரண்டு பகுதிகளாகப் பிரிகிறது: குறியீடுகளை மாற்றுவது ஒன்று, வரிசையை மாற்றுவது மற்றொன்று. இந்த இரண்டாவது பகுதிதான் முறைகளுக்கு இடையிலான வேறுபாட்டை நன்றாக வெளிக்கொண்டு வருகிறது.

முதலில் ரீப்ளேஸ் மெத்தட். எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவதும் இதுதான். ஒவ்வொரு விதிக்கும் ஒரு ரீப்ளேஸ் என்று எழுதிச் சங்கிலியாகக் கோத்துவிடுவார்கள். இணையத்தில் காணப்படும் பழைய மாற்றிகள் பலவும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. இதைப் பார்த்தவுடன், நூறு விதிகள் என்றால் உரையை நூறு முறை படிக்க வேண்டுமே, இது எப்படி வேகமாக இருக்கும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஒவ்வொரு முறை படிப்பதும் எவ்வளவு மலிவானது என்பதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். பைத்தான் நிரல்களை வழக்கமாக இயக்கும், சி மொழியில் எழுதப்பட்ட சிபைத்தானில், ஓர் எழுத்தை மட்டும் தேடும்போது அந்த வேலை சி நூலகத்தின் மெம்சிஎச்ஆர் என்ற ஃபங்ஷனிடம் போகிறது. அது செயலியின் திசையன் கட்டளைகளைக் கொண்டு, ஒரே நேரத்தில் பல பைட்டுகளை ஒப்பிட்டு ஓடக்கூடியது. தேடும் எழுத்து அரிதாக இருந்தால் ஒரு நொடிக்குப் பல கிகாபைட் என்ற கதியில் உரையைக் கடந்துவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துகள் கொண்ட துண்டுகளைத் தேடுவதற்கு, பாயர்–மூர், ஹார்ஸ்பூல் முறைகளைக் கலந்து பிரெட்ரிக் லுண்ட் எழுதிய வழிமுறை 2006இல் வெளிவந்த பைத்தான் 2.5 முதல் இருக்கிறது. நீண்ட துண்டுகளுக்காக இருவழித் தேடல் என்னும் வேறொரு முறை 3.10இல் சேர்க்கப்பட்டது.

தேடிய எழுத்து கிடைக்காவிட்டால் ரீப்ளேஸ் புதிய சரம் எதையும் உருவாக்காமல் பழைய சரத்தையே திருப்பிக் கொடுக்கிறது. அதனால், அந்த எழுத்து உரையில் இருக்கிறதா என்று முன்கூட்டியே ஒரு சோதனை போட்டு நேரம் மிச்சம் பிடிக்க முயல்வதில் பெரும்பாலும் பயனில்லை. அது ஒரே தேடலை இருமுறை செய்வதாகவே முடியும். தேடிய எழுத்து கிடைத்து, புதிய துண்டின் நீளமும் வேறாக இருந்தால்தான் செலவு கூடுகிறது. எத்தனை இடங்களில் வருகிறது என்று எண்ணுவதற்கு ஒரு முறையும், தேவையான நினைவகத்தைச் சரியாக ஒதுக்கிய பின் நகலெடுத்து நிரப்புவதற்கு மறுமுறையும் உரையைக் கடக்க வேண்டும். பாமினியில் ‘கு’ என்பது ஒரே குறியீடு; யூனிகோடில் அது மெய்யும் உயிர்க்குறியுமாக இரண்டு. ஆகவே இந்த வேலையில் நீளம் மாறும் விதிகள் நிறையவே உண்டு.

இங்கே சரத்தின் உள்ளமைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பைத்தான் 3.3 முதல் ஒரு சரம் தன்னுள் இருக்கும் மிகப் பெரிய எழுத்துக்கு ஏற்ப, எழுத்து ஒன்றுக்கு 1, 2 அல்லது 4 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. பாமினி உரை முழுவதும் 1 பைட்டில் அடங்கும். சங்கிலியின் முதல் விதி ஒரே ஒரு தமிழ் எழுத்தைக் கொண்டு வந்து வைத்தவுடன் உரை முழுவதும் 2 பைட்டு அகலத்துக்கு விரிந்துவிடும். அடுத்து வரும் விதிகள் எல்லாம் இருமடங்கு அகலமான சரத்தின் மேல்தான் ஓடும். உரையில் எங்கோ ஓர் எமோஜி இருந்துவிட்டால் 4 பைட்டு ஆகிவிடும், ஆனால் பாமினிக் காலத்துக் கோப்புகளில் அந்தக் கவலை இல்லை.

2 பைட்டுச் சரத்தில் ஓர் எழுத்தைத் தேடும்போது சிபைத்தான் அந்த எழுத்தின் கீழ்ப் பைட்டை மட்டும் மெம்சிஎச்ஆரிடம் கொடுத்துத் தேடச் சொல்லி, கிடைத்த இடத்தில் முழு எழுத்தும் பொருந்துகிறதா என்று பின்னர் பார்க்கிறது. இந்த உத்தி முன்பு ஓரிடத்தில் சிக்கியது. உக்ரைனிய மொழியில் ஓர் எழுத்தின் யூனிகோடு எண் 1028, அதாவது மேல் பைட்டும் 4, கீழ்ப் பைட்டும் 4. அம்மொழி எழுதப்படும் சிரிலிக் எழுத்துகள் பெரும்பாலானவற்றின் மேல் பைட்டு 4 என்பதால், அந்த ஓர் எழுத்தைத் தேடினால் உரை முழுவதும் பொய்யான பொருத்தங்கள் கிடைத்துத் தேடல் படுத்துவிட்டது. பின்னர் இது சரிசெய்யப்பட்டது. தமிழுக்கு இந்தச் சங்கடம் வர வழியில்லை. தமிழ்ப் பகுதியின் எண்கள் 2944 முதல் 3071 வரை. மேல் பைட்டு எப்போதும் 11, கீழ்ப் பைட்டு எப்போதும் 128 அல்லது அதற்கு மேல். இரண்டும் ஒன்றாகும் தமிழ் எழுத்தே கிடையாது. யாரும் திட்டமிட்டுத் தராத ஒரு சிறு நற்பேறு இது.

சங்கிலியின் உண்மையான குறை வேகத்தில் இல்லை, விதிகளின் வரிசையில் இருக்கிறது. பாமினியில் காற்புள்ளி விசையில் ‘இ’ இருக்கிறது. காற்புள்ளிக்கு, ‘பெரியது’ என்ற கணிதக் குறியின் இடம் தரப்பட்டிருக்கிறது. ‘பெரியது’ குறியைக் காற்புள்ளியாக மாற்றும் விதியை முன்னால் வைத்து, காற்புள்ளியை ‘இ’ ஆக மாற்றும் விதியைப் பின்னால் வைத்தால், கட்டுரையின் காற்புள்ளிகள் எல்லாம் ‘இ’ ஆகிவிடும். விதிகள் பத்து இருக்கும்போது இத்தகைய மோதல்களைக் கண்ணால் பார்த்துத் தவிர்க்கலாம். நூறு இருக்கும்போது, ஆறு மாதம் கழித்து வேறொருவர் ஒரு புதிய விதியை நடுவில் செருகும்போது, அது நடக்கிற காரியம் அன்று.

டிரான்ஸ்லேட் மெத்தட் இந்த மோதலை அடியோடு நீக்குகிறது. எழுத்துகளின் எண்ணைச் சாவியாகவும் பதிலீட்டை மதிப்பாகவும் கொண்ட ஒரு டிக்ஷனரியை அதற்குத் தருகிறோம். அது உரையை இடமிருந்து வலமாக ஒரே முறை கடந்து, ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய பதிலீட்டை எழுதிக்கொண்டே போகிறது. எழுதி முடித்த எழுத்தை அது திரும்பிப் பார்ப்பதில்லை என்பதால் விதிகளின் வரிசைக்கு இங்கே பொருளே இல்லை. பதிலீடாக ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துகளையும் தரலாம் என்பதால் ‘கு’ போன்றவையும் தடையின்றி அடங்கும்.

ஒரே முறை கடப்பதால் இதுதான் மிக வேகமானதாக இருக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். அது முழு உண்மை அன்று. டிரான்ஸ்லேட் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு எண் பொருளை எடுத்து, டிக்ஷனரியில் தேடி, கிடைத்தது எண்ணா சரமா என்று பார்க்க வேண்டும். ஆஸ்கி எழுத்தை (ஆங்கில எழுத்து, எண் போன்றவற்றை) ஆஸ்கி எழுத்தாகவே மாற்றும்போது, ஒருமுறை கண்ட விடையை 128 இடங்கள் கொண்ட அட்டவணையில் குறித்து வைத்துக்கொண்டு விரைந்து செல்லும் ஒரு குறுக்குவழி அதற்கு உண்டு. விடை தமிழ் எழுத்தாக இருந்தால் அந்தக் குறுக்குவழி மூடிவிடும். ஆங்கில உரையை வைத்துச் செய்த சோதனைகளில் டிரான்ஸ்லேட் பறப்பதைப் பார்த்துவிட்டு அதே கதியைத் தமிழிலும் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பைட்டுச் சரங்களுக்கான டிரான்ஸ்லேட் 256 இடங்கள் கொண்ட அட்டவணையில் இயங்குவதால் இன்னும் வேகமானது. ஆனால் அது ஒரு பைட்டை ஒரு பைட்டாக மட்டுமே மாற்றும். யூனிகோடைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட்டு எடுத்துக்கொள்வதால் இங்கே அது உதவாது.

ஆகவே ஐந்து, பத்து விதிகள் மட்டும் இருந்தால் ரீப்ளேஸ் சங்கிலி டிரான்ஸ்லேட்டை எளிதில் முந்தும். விதிகள் எண்பது, நூறு என்று ஆகும்போது இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும். அந்த நிலையில் எது முந்தும் என்பது உரையின் நீளத்தையும், ஒவ்வோர் எழுத்தும் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதையும் பொறுத்தது. பாமினி உரையில் ஏறக்குறைய எல்லா எழுத்துகளுமே மாற வேண்டியவை என்பதால், அரிதான எழுத்தைத் தேடும்போது ரீப்ளேஸுக்குக் கிடைக்கும் சாதகமும் குறைந்துவிடுகிறது. இந்த நெருக்கமான நிலையில் நான் டிரான்ஸ்லேட்டையே தேர்ந்தெடுப்பேன். வேகத்தில் சமமாக இருக்கும்போது, தவறு செய்ய இடமே தராத முறையைத் தள்ளுவதற்குக் காரணம் எதுவும் இல்லை. ஒவ்வோர் எழுத்தாக எடுத்து டிக்ஷனரியில் பார்த்து இறுதியில் இணைக்கும் லூப்பைச் சிலர் கையால் எழுதுகிறார்கள். டிரான்ஸ்லேட் சி மொழியில் செய்வதைப் பைத்தானில் மீண்டும் செய்வதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

இனி வரிசை மாற்றம். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி ஆகியவற்றை மெய்யெழுத்துக்குப் பின்னால் தள்ள வேண்டும். கொம்பும் காலும் சேர்ந்து வரும் ஒகர, ஓகாரங்களை ஒன்றாக்க வேண்டும். ஔகாரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். டிரான்ஸ்லேட் ஓர் எழுத்தை மட்டும் பார்ப்பது. அக்கம்பக்கத்தைப் பார்க்க அதற்குத் தெரியாது. ரீப்ளேஸ் சங்கிலியால் இதைச் செய்யலாம், ஆனால் 18 மெய்களோடு ஜ, ஷ, ஸ, ஹ என்ற நான்கையும் சேர்த்து 22 எழுத்துகளுக்கும் தலா ஆறு விதிகள் என்றால் 132 விதிகள் ஆகும். எழுத்துகள் வரும் அமைப்பைக் குறிகளால் விவரித்துத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் இது ஒரே விதி: கொம்பு ஒன்று, அதன்பின் மெய்யெழுத்து ஒன்று, இரண்டையும் இடம் மாற்று.

ரெகுலர் எக்ஸ்பிரஷன் மெதுவானது என்ற பொதுவான பேச்சு இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்கப்பட வேண்டும். பொருத்தம் கிடைக்கும் ஒவ்வொரு முறையும் பைத்தான் ஃபங்ஷன் ஒன்றை அழைக்குமாறு எழுதினால் அது மெதுவானதுதான். ஒவ்வொரு பொருத்தத்துக்கும் ஒரு பொருளை உருவாக்கி, ஃபங்ஷனை அழைத்து, விடையை வாங்கிச் சேர்க்க வேண்டும். பாமினி உரையின் எல்லா எழுத்துகளையும் இந்த வழியில் மாற்றினால், இங்கே பேசிய முறைகளுள் மிக மெதுவானது இதுவாகத்தான் இருக்கும். ஆனால் கொம்புகளை மட்டும் இடம் மாற்றும்போது பொருத்தங்கள் சில எழுத்துகளுக்கு ஒன்று என்றுதான் வரும். அங்கே ஃபங்ஷனும் தேவையில்லை, முதல் குழுவையும் (கொம்பு) இரண்டாம் குழுவையும் (மெய்) மாற்றி எழுதும் பதிலீட்டுச் சரமே போதும். இத்தகைய குழுச் சுட்டுகள் கொண்ட பதிலீடு பைத்தான் 3.12இல் இரண்டு முதல் மூன்று மடங்கு வேகமாக்கப்பட்டிருக்கிறது. 132 ரீப்ளேஸ்களுக்கு எதிராக இந்த ஒரு விதியை நிறுத்தினால் எழுதுவதிலும் படிப்பதிலும் திருத்துவதிலும் இதுவே மேல்; வேகத்திலும் பின்தங்குவதற்கு வாய்ப்புக் குறைவு.

கொம்பு மெய்யெழுத்துக்குப் பின்னால் போய்விட்டால், கொம்பையும் காலையும் ஒன்றாக்குவதற்குத் தனி விதி எழுதவே வேண்டாம். எண் 3014 ஆன ஒற்றைக் கொம்பும் எண் 3006 ஆன காலும் அடுத்தடுத்து வந்தால், யூனிகோடின் இயல்பாக்க முறைகளுள் ஒன்றான என்எஃப்சி அவற்றை 3018 என்ற ஒரே ஒகரக் குறியாக ஆக்கித் தந்துவிடும். பைத்தானின் யூனிகோடுடேட்டா தொகுப்பில் இது தயாராக இருக்கிறது. ஔகாரத்துக்கு மட்டும் இது உதவாது, ஏனென்றால் பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் வலப்பக்கக் குறியும் ‘ள’ என்ற எழுத்தும் ஒன்றே. கொம்பு, மெய், ‘ள’ என்று வந்தால் அதை ஔகாரமாக்கு என்று ரீப்ளேஸில் எழுதியதன் விளைவை இணையத்தில் இன்றும் காணலாம்: ‘வெளியீடு’ என்பது ‘வௌியீடு’ என்று உடைந்து கிடக்கும். ‘ள’வுக்குப் பின் காலோ சுழியோ புள்ளியோ வந்தால் அதைத் தொடாதே என்ற நிபந்தனையை ரெகுலர் எக்ஸ்பிரஷனில் ஒரு முன்னோக்குச் சோதனையாக எழுதிவிடலாம், அதன் நேரச் செலவு பொருட்படுத்தத் தக்கது அன்று. ரீப்ளேஸால் ஒரு மைக்ரோ நொடியை மிச்சம் பிடித்து ‘வௌியீடு’ என்று அச்சிடுவதில் யாருக்கு என்ன லாபம்?

நூற்றுக்கணக்கான சொற்களை ஒரே நேரத்தில் மாற்ற வேண்டிய வேலைகளும் உண்டு. பெயர்களை ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவருவது, வழக்கமான பிழைகளைத் திருத்துவது போன்றவை. இங்கே எல்லாச் சொற்களையும் ‘அல்லது’ குறியால் இணைத்து ஒரே ரெகுலர் எக்ஸ்பிரஷனாக எழுதுவது வழக்கம். பைத்தானின் இயந்திரம் அந்தச் சொற்களை எழுதிய வரிசையிலேயே ஒவ்வொன்றாக முயன்று பார்க்கிறது; முதலில் பொருந்தியதை எடுத்துக்கொள்கிறதே தவிர நீளமானதைத் தேடுவதில்லை. எனவே நீளமான சொற்களை முன்னால் வருமாறு அடுக்குவது கட்டாயம். சொற்களின் எண்ணிக்கை ஆயிரங்களைத் தொடும்போது வேகம் கண்கூடாகக் குறையும். அந்த நிலையில் ஏற்றது, பெல் ஆய்வகத்தில் ஆல்ஃபிரட் ஆஹோவும் மார்கரெட் கோராசிக்கும் 1975இல் வெளியிட்ட வழிமுறை. எல்லாச் சொற்களையும் ஒரே மரமாகக் கட்டி, ஓரிடத்தில் பொருத்தம் தவறினால் அடுத்து எங்கே தொடர வேண்டும் என்ற இணைப்புகளையும் முன்கூட்டியே போட்டுவிடுவதால், உரையை ஒரே முறை படித்தால் போதும். சொற்கள் நூறானாலும் லட்சமானாலும் படிக்கும் நேரம் ஏறத்தாழ மாறாது. சி மொழியில் எழுதப்பட்ட பைஆஹோகோராசிக் தொகுப்பு இதைத் தருகிறது. அது பொருத்தங்களின் இடத்தைத்தான் சொல்லும். வெட்டி ஒட்டும் வேலையை நாமே எழுத வேண்டும். பத்து இருபது சொற்களுக்கு இதைக் கொண்டுவருவது வீண் சுமை.

சொல் அளவிலான பதிலீட்டில் தமிழுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் தொகுப்பு உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் உறுப்பாகக் கருதுவதில்லை. அதன் விளைவாக, ‘மரம்’ என்ற சொல்லுக்குப் பின் சொல்லெல்லைக் குறியைப் போட்டுத் தேடினால், தனியாக நிற்கும் ‘மரம்’ அகப்படாது. ‘மரம்தான்’ என்பதற்குள் இருக்கும் ‘மரம்’ அகப்படும். நாம் கேட்டதற்கு நேர் எதிர். ஃபிளாஷ்டெக்ஸ்ட் என்னும் வேகமான சொற்பதிலீட்டுத் தொகுப்பும், தானாக விட்டால், ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே சொல்லின் உறுப்பாக எண்ணுகிறது. தமிழ் எழுத்துகளை நாமாகச் சேர்த்துக் கொடுத்தால்தான் அது சரியாக இயங்கும். ரெகுலர் எக்ஸ்பிரஷனில், சொல்லெல்லைக் குறிக்குப் பதிலாகத் ‘தமிழ்ப் பகுதியைச் சேர்ந்த எந்தக் குறியீடும் முன்னும் பின்னும் இல்லை’ என்று எழுதுவதே பாதுகாப்பு.

இவற்றை எல்லாம் வைத்துப் பார்க்கும்போது பாமினி மாற்றத்துக்கு என் தேர்வு ஒரே முறை அன்று, மூன்று முறைகளின் வரிசை. குறியீடுகளை டிரான்ஸ்லேட் மாற்றட்டும், கொம்புகளையும் ஔகாரத்தையும் இரண்டு ரெகுலர் எக்ஸ்பிரஷன்கள் பார்த்துக்கொள்ளட்டும், இறுதியில் என்எஃப்சி. ரீப்ளேஸ் சங்கிலி வேண்டியது, ஏற்கெனவே யூனிகோடில் உள்ள உரையில் சாய்ந்த மேற்கோள் குறிகளை நேராக்குவது போன்ற சில்லறை வேலைகளுக்கு. அங்கே அதை மிஞ்ச எதுவும் இல்லை. மூலம் பாமினியாக இல்லாமல், பழைய இன்னொரு தமிழ்க் குறியீட்டு முறையான டிஸ்கியாக இருந்தால் இவை எதுவுமே தேவைப்படாமல் போகலாம். லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியோடு வரும் ஐகான்வ் கருவிக்கு டிஸ்கி தெரியும். கொம்புகளின் வரிசையையும் அதுவே மாற்றிக்கொள்ளும்.

பிற மொழிகளில் எழுதுபவர்களுக்கும் இதே பிரிவினைதான் எதிர்ப்படும். பிஎச்பியில் அணிகளைக் கொடுத்தால் ஸ்ட்ர்-ரீப்ளேஸ் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றும், ஆகவே மேலே சொன்ன காற்புள்ளி மோதல் அங்கேயும் நிகழும். ஸ்ட்ர்டிஆர் நீளமான பொருத்தத்தை முதலில் எடுத்து, மாற்றிய இடத்தை மறுபடி தொடாமல் செல்லும். கோ மொழியின் நியூரீப்ளேசரும் மாற்றியதை மறுபடி மாற்றாது, ஆனால் கொடுத்த வரிசையையே பின்பற்றும். ஜாவாவில் 9ஆம் பதிப்புக்கு முன் சாதாரண ரீப்ளேஸும் உள்ளுக்குள் ரெகுலர் எக்ஸ்பிரஷன் இயந்திரத்தையே பயன்படுத்தியது. அதன் மெதுவான தன்மையைப் பற்றிப் படிக்கும் பழைய குறிப்புகளை இன்றைய பதிப்புக்குப் பொருத்தக் கூடாது.

அளந்து பார்க்க விரும்புவோர், ஒரு வரியை லட்சம் முறை மாற்றுவதை விட, உண்மையான ஒரு நூலின் உரையை முழுதாக மாற்றிப் பார்ப்பது நல்லது. சிறிய வரிகளில் பதிலீட்டு நேரத்தை விட மெத்தடை அழைக்கும் நேரமே மேலோங்கிவிடும். இதே காரணத்தால், கோப்பை வரிவரியாகப் படித்து ஒவ்வொரு வரிக்கும் சங்கிலியை ஓட்டுவதை விட, நினைவகம் இடம் கொடுக்கும் வரை முழு உரையையும் ஒரே சரமாக எடுத்துக்கொள்வது வேகமானது. ரெகுலர் எக்ஸ்பிரஷனைத் தொகுக்கும் வேலையையும் டிக்ஷனரியைக் கட்டும் வேலையையும் பைத்தானின் நேரம் அளக்கும் கருவியான டைம்இட்டில், அளவைக்குள் சேராத அமைப்புப் பகுதியில் போட்டுவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், ‘வெளியீடு’, ‘வௌவால்’, ‘கொள்கை’, ‘கோயில்’ ஆகியவற்றோடு நாலைந்து காற்புள்ளிகளும் உள்ள ஒரு பத்தியை எடுத்து, ஒப்பிடும் முறைகள் எல்லாம் அதற்கு ஒரே விடையைத் தருகின்றனவா என்று பார்க்க வேண்டும். வேறு வேறு விடை தரும் இரண்டு நிரல்களின் நேரத்தை அருகருகே எழுதி வைப்பதால் எதையும் தீர்மானிக்க முடியாது.